வீட்ல செய்யற எலக்ட்ரிக் கிட்டாருக்கு எந்த பிரிட்ஜ்? கம்மி டூல்ஸ் வச்சிருக்கவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் சொந்தமா எலக்ட்ரிக் கிட்டார் செய்யணும்னு இறங்கற பசங்க நிறைய பேர் முதல் நாளே பலகைய எடுத்து பாடி ஷேப் வெட்டிடறாங்க. அப்புறம் நெக் (கிட்டாரோட நீளமான கைப்பிடி) உக்கார்ற பாக்கெட் தோண்டறாங்க, ஸ்ட்ரிங் அதிர்வ சிக்னலா மாத்தற பிக்கப்புக்கு குழி தோண்டறாங்க, கடைசியா தான் "பிரிட்ஜ் எது வாங்கலாம்ணே"ன்னு வந்து கேக்கறாங்க. பிரிட்ஜ்னா பாடி மேல ஸ்ட்ரிங்க தாங்கற உலோகப் பாகம். அந்த நேரத்துல கேட்டா பதில் சொல்றது கஷ்டம், ஏன்னா நெக் எவ்வளவு உயரத்துல உக்காரணும், பாக்கெட் எவ்வளவு ஆழம், பிக்கப் எங்க வரணும் எல்லாத்தையும் முடிவு பண்றதே பிரிட்ஜ் தான்.

கைல டிரில், உளி, ரம்பம், அரம் இவ்வளவுதான் இருக்குன்னு வச்சுக்கிட்டு எழுதறேன். நெக் ரெடிமேடா வாங்கி நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டற மாதிரி எடுத்துக்கறேன், முதல் கிட்டாருக்கு அதுதான் நல்லது.

1. மரத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி பிரிட்ஜும் நெக்கும் கைல இருக்கணும்

நெட்ல கிடைக்கற டிராயிங்க நம்பி வெட்டாதீங்க. ஒரே பேர்ல விக்கற ரெண்டு பிரிட்ஜ எடுத்து அளந்தா ஸ்க்ரூ ஓட்டை இடம் மாறும், சேடில் (பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்கார்ற சின்ன துண்டு) உயரம் மாறும், தகடோட நீளம் கூட மாறும். படத்துல 11 மில்லி ஓட்டைன்னு போட்டிருக்கும், வந்த புஷ் (போல்ட் இறங்க மரத்துல அடிக்கற உலோகக் குழாய்) வேற அளவா இருக்கும். பொருள் கைக்கு வந்து வெர்னியர்ல அளந்து நோட்ல எழுதின பிறகுதான் பலகைய தொடணும்.

பலகைய வேணா முன்னாடியே வாங்கி வச்சுக்கலாம், அதுல தப்பில்ல. நம்ம ஊர்ல அதுக்கு பஞ்சமே இல்ல, முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய வீடு இடிச்ச சாமான் விக்கற கடைகள்ல பர்மா தேக்கு கதவு, நிலை, உத்திரம்னு கிடைக்கும். வாங்கினதும் காந்தம் வச்சு முழுசா தடவிப் பாருங்க, உள்ள ஒடிஞ்சு போன ஆணி இருந்தா பிட்டும் போகும் உளியும் போகும், அதுவும் பிரிட்ஜ் வர்ற இடத்துல ஆணி இருந்தா அந்தப் பக்கத்த திருப்பிப் போட்டுதான் ஆகணும்.

2. என்ன டூல் இருக்குன்னு நேர்மையா எழுதுங்க

பிடிச்ச பிரிட்ஜ முதல்ல தேர்ந்தெடுத்துட்டு அப்புறம் டூல் தேடற பழக்கம் தான் பாதி கிட்டார பரண் மேல ஏத்திடுது. ஒரு தாள்ல மூணு கேள்விக்கு பதில் எழுதுங்க. நேர் செங்குத்தா ஓட்டை போட வழி இருக்கா? பெரிய குழிய ஒரே ஆழத்துல தோண்ட மரம் குடையற ரவுட்டர் மிஷின் இருக்கா? சாய்வா, சொன்ன டிகிரிக்கு பாக்கெட் செதுக்க முடியுமா?

மூணுக்குமே "இல்ல"ன்னா கவலையே வேண்டாம், அதுக்கேத்த பிரிட்ஜ் இருக்கு. முதல் கேள்விக்கு மட்டும் இங்கயே ஒரு வழி உண்டு, லேத் பட்டறைல நிக்கற டிரில் மிஷின் இருக்கும், பாடிய கொண்டு போய் கேட்டா போட்டுக் குடுப்பாங்க. ஆனா நீங்க குறிச்ச இடத்துல தான் அவங்க போடுவாங்க, குறி தப்பா இருந்தா ஓட்டையும் தப்புதான்.

3. ஒவ்வொரு பிரிட்ஜும் உங்ககிட்ட என்ன கேக்கும்

மேல இருந்தே ஸ்ட்ரிங் கோக்கற ஹார்ட்டெயில் (அசையாம நிக்கற பிரிட்ஜ்): ஒரு தகடு, ஆறு சேடில், நாலஞ்சு மர ஸ்க்ரூ. பாடிக்கு மேல தட்டையா உக்காரும், குழி எதுவும் வேண்டாம், ஸ்ட்ரிங் தகட்டோட பின்பக்க ஓட்டை வழியாவே வந்துடும். நெக்க சாய்க்க வேண்டியதில்ல. கைல டிரில் மட்டும் இருக்கறவங்களுக்கு என்னோட பதில் இதுதான், யோசிக்கவே வேண்டாம்.

பாடி வழியா ஸ்ட்ரிங் போற ஹார்ட்டெயில்: அதே தகடுதான், ஆனா 45 மில்லி மரத்த ஊடுருவி ஆறு ஓட்டை போடணும். கைல பிடிச்ச டிரில் 2 டிகிரி சாஞ்சாலே பின்பக்கம் வரும்போது ஒன்றரை மில்லி விலகிடும். ஆறும் ஆறு திசைல விலகினா பின்னாடி அந்த வரிசைய பாத்தா மனசு ஒடிஞ்சிடும். நிறைய தகட்டுல ரெண்டு வழியும் இருக்கு, அப்படி ஒன்னு வாங்கினா இப்போ மேல இருந்து கோத்துட்டு பின்னால மிஷின் கிடைக்கும்போது ஓட்டை போட்டுக்கலாம். வாங்கும்போதே அத பாத்து வாங்குங்க.

டெலிகாஸ்டர் பிரிட்ஜ்: பிரிட்ஜ் பிக்கப் தகட்டுலயே தொங்கும், அதுக்கு கீழ குழி வேணும். தகடு அந்தக் குழி ஓரத்த மூடிடறதால உளி வேலை கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் வெளிய தெரியாது. மூணு சேடில் மாடல்ல ரெண்டு ரெண்டு ஸ்ட்ரிங் ஒரே சேடில்ல உக்காரும், சுருதி தனித்தனியா திருத்த முடியாது, ஆறு சேடில் உள்ளது எடுங்க.

டியூன்-ஓ-மேட்டிக்: பாக்க அழகு, ரெண்டு போல்ட் பிரிட்ஜுக்கு, ரெண்டு டெயில்பீஸுக்கு (ஸ்ட்ரிங் நுனிய பிடிக்கற கட்டை), அவ்வளவுதானேன்னு தோணும். ஆனா புஷ் இறங்கற நாலு பெரிய ஓட்டையும் செங்குத்தா இருக்கணும், அதோட இது உயரமான பிரிட்ஜ், நெக்க சாய்க்கணும் இல்ல தூக்கணும். ஒரே கட்டையா இருக்கற ராப்-அரவுண்ட்ல ரெண்டு புஷ் போதும், ஆனா அதுக்கும் உயரத்த அளந்து பாக்காம இறங்காதீங்க.

டிரெமோலோ (லீவர அசைச்சு சுருதிய ஆட்டற பிரிட்ஜ்): பாடிய முழுசா ஊடுருவற குழி, பின்பக்கம் ஸ்ப்ரிங்குக்கு இன்னொரு குழி. உளில பண்ணலாம், பண்ணினவங்களும் உண்டு, ஆனா முதல் கிட்டாருக்கு வேண்டாம். ஃப்ளாய்ட் ரோஸ்ங்கற பூட்டு வச்ச டிரெமோலோ பத்தி பேசவே வேண்டாம், அதுக்கு நட் (நெக் உச்சில ஸ்ட்ரிங் உக்கார்ற காடி வச்ச துண்டு) பக்கமும் வேலை இருக்கு.

4. உயரக் கணக்கு: இத முடிக்காம பாக்கெட் தோண்டாதீங்க

இந்த ஒரு இடத்துல தான் பெரும்பாலானவங்க மாட்டிக்கறாங்க, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

நெக்கோட அடி, அதாவது பாக்கெட்ல உக்கார்ற பகுதி, எவ்வளவு கனம்னு ஃப்ரெட்போர்டோட (விரல் வைக்கற மேல் பலகை) சேத்து அளங்க. நிறைய நெக் 25 மில்லி பக்கம் இருக்கும். பாக்கெட் ஆழம் 16 மில்லின்னு வச்சா ஃப்ரெட்போர்டு பாடிக்கு மேல 9 மில்லி நிக்கும். ஃப்ரெட் (அதுல குறுக்க பதிச்ச உலோகக் கம்பி) உயரம் 1 மில்லி சேத்தா 10.

இப்போ ஸ்ட்ரிங் ஃப்ரெட்டுக்கு இணையா போகாது, நட்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் மெதுவா உயர்ந்துக்கிட்டே போகும். 12வது ஃப்ரெட் நடுவுல இருக்கறதால அங்க ஒன்றரை ரெண்டு மில்லி இடைவெளி வேணும்னா பிரிட்ஜ்கிட்ட கிட்டத்தட்ட அதுல ரெண்டு மடங்கு, அதாவது 3 மில்லி போல வரணும். ஆக 10 கூட்டல் 3, சேடில் உச்சி பாடிக்கு மேல 13 மில்லில நிக்கணும்.

உங்க பிரிட்ஜ கண்ணாடி மேலயோ சமமான டைல்ஸ் மேலயோ வச்சு, சேடில முழுசா இறக்கி ஒரு அளவு, ஸ்க்ரூ ஆடாத அளவுக்கு ஏத்தி ஒரு அளவு எடுங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல 13 விழுந்தா நீங்க நிம்மதியா தோண்டலாம். சரியா நடுவுல விழுந்தா இன்னும் நல்லது, பின்னால ஏத்தவும் இறக்கவும் இடம் இருக்கும். ஹார்ட்டெயில்ல பெரும்பாலும் இது சரியா வந்துடும்.

டியூன்-ஓ-மேட்டிக்க இதே மாதிரி அளந்தா அடியோட அடியா இறக்கியும் 17, 18 மில்லி காட்டலாம். அப்போ 4, 5 மில்லி அதிகம். போன வருஷம் ஒரு தம்பி தேவகோட்டைல இருந்து பாடிய துணில சுத்தி எடுத்துட்டு வந்தான், "அண்ணே, பிரிட்ஜ ஃபுல்லா இறக்கிட்டேன், ஸ்ட்ரிங் மட்டும் இறங்கவே மாட்டேங்குது"ன்னான். 12வது ஃப்ரெட்ல ஸ்கேல் வச்சா நாலரை மில்லி. வேலை அவ்வளவு சுத்தம், பாக்கெட்ல நெக் ஒட்டினாப்ல நிக்குது, ஆனா பாக்கெட் சமமா இருக்கு, பிரிட்ஜ் உயரமானது, இந்த ரெண்டும் சேராது. ஹார்ட்டெயில் வாங்கி மாத்தினோம், பழைய ஓட்டைய தேக்கு முளை அடிச்சு அடைச்சோம்.

"சரிண்ணே, நெக்க சாய்ச்சுட்டா போச்சு"ன்னு கேப்பீங்க. சாய்க்கலாம், ரெண்டு மூணு டிகிரி தேவைப்படும். ஆனா 22 ஃப்ரெட் நெக்குல கடைசி ஃப்ரெட்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் 180 மில்லிக்கு மேல தூரம், அங்க ஒரே ஒரு டிகிரி தப்பினா பிரிட்ஜ்ல 3 மில்லி வித்தியாசம் வரும். 75 மில்லி நீள பாக்கெட்ல ஒரு டிகிரிங்கறது 1.3 மில்லி சரிவு தான். உளில அந்த 1.3 மில்லிய மேடு பள்ளம் இல்லாம கொண்டு வர்றது ரொம்ப நாள் கை பழகினவங்க வேலை.

தோண்டும்போது ஒரு மில்லி கம்மியா தோண்டிட்டு நிறுத்துங்க. நெக்க வச்சு, ஃப்ரெட் மேல நீளமான ஸ்டீல் ஸ்கேல பிரிட்ஜ் வரைக்கும் நீட்டி வச்சு, ஸ்கேல் அடிக்கும் பாடிக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு பாருங்க. மேல சொன்ன கணக்குல 10 வரணும். 11 காட்டினா மீதி ஒரு மில்லிய எடுங்க. தாள்ல போட்ட கணக்க விட இந்த ஸ்கேல் காட்டறது தான் உண்மை.

அப்புறம் ஆசாரிகிட்ட பாக்கெட் வேலைய குடுக்கறீங்கன்னா மில்லிமீட்டர்ல வரைஞ்சு குடுங்க. அவங்க நூல் கணக்குல பழகினவங்க, ஒரு நூல் 3 மில்லிக்கு மேல. கதவுக்கு நிலைக்கு அது அருமையான கணக்கு, இங்க அரை நூல் கூடினா கூட சேடில் எட்டாது. அவங்க கை சுத்தத்துக்கு குறையே இல்ல, அளவ நாம சரியா சொல்லணும்.

5. அகலம்: ஸ்ட்ரிங் ஃப்ரெட்போர்டுக்குள்ள நிக்குமா

முதல் ஸ்ட்ரிங்குக்கும் ஆறாவதுக்கும் நடுவுல இருக்கற தூரத்த சேடில்ல அளங்க, 52ல இருந்து 54 மில்லி வரைக்கும் வழக்கமா இருக்கும். நெக்கோட கடைசில ஃப்ரெட்போர்டு 56 மில்லி அகலம்னா ரெண்டுமே பொருந்தும், ரெண்டு பக்கமும் நாலு மில்லி போல ஓரம் மிஞ்சும். நெக் ஒல்லியா இருந்தா 52 பக்கமே போங்க. ஓரம் கம்மியானா முதல் ஸ்ட்ரிங்க அழுத்தி இழுக்கும்போது ஃப்ரெட்ட விட்டு வழுக்கி வெளிய போயிடும், அப்புறம் அத சரி பண்ண வழி இல்ல.

6. பார்சல் வந்ததும்

தகட்ட கண்ணாடி மேல வச்சு நாலு மூலைலயும் விரலால அழுத்துங்க. ஆடினா திருப்பி அனுப்பிடுங்க, வளைஞ்ச தகட்ட ஸ்க்ரூ போட்டு இறுக்கினா மரத்த தான் கிளப்பும். ஆறு சேடிலயும் முன்னயும் பின்னயும் முழுசா ஓட்டிப் பாருங்க, அலென் கீ ஸ்க்ரூ ஒவ்வொன்னும் திரும்புதான்னு பாருங்க. ஸ்ட்ரிங் உக்கார்ற இடத்துல பிசிறு இருந்தா நைஸான உப்புத்தாள்ல லேசா தடவினா போதும், அந்தப் பிசிறு தான் ஸ்ட்ரிங்க அறுக்கும்.

7. இடம் குறிக்கறது

நட்டோட முன் ஓரத்துல இருந்து 12வது ஃப்ரெட் நடு முதுகு வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்குங்க. 324 வந்தா 648, அதாவது 25.5 இன்ச். 314 போல வந்தா 24.75 இன்ச் வகை நெக். கடைக்காரர் சொன்ன அளவ எடுத்துக்காதீங்க, நீங்களே அளங்க.

இப்போ முக்கியமான விஷயம். அந்த 648 எங்க விழணும்? தகட்டோட ஓரத்துல இல்ல, ஸ்க்ரூ ஓட்டைல இல்ல, சேடிலோட உச்சில, ஸ்ட்ரிங் தொட்டு விலகற இடத்துல. அதுவும் ஒல்லியான முதல் ஸ்ட்ரிங்கோட சேடில்ல. அந்த சேடில முழுசா நெக் பக்கம் தள்ளிட்டு, 2 மில்லி மட்டும் பின்னால இழுத்து, அந்த நிலைல உச்சி 648ல உக்கார்ற மாதிரி தகட்ட வைங்க.

ஏன் நடுவுல வைக்கக்கூடாதுன்னா, ஸ்ட்ரிங்க அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபட்டு சுருதி ஏறும், அத ஈடு கட்ட எல்லா சேடிலும் கணக்கு அளவ விட பின்னாடி தான் போகும். முதல் ஸ்ட்ரிங் ஒன்னு ரெண்டு மில்லி, தடிமனான ஆறாவது நாலஞ்சு மில்லி வரைக்கும் போகும். சேடில நடுவுல வச்சு குறிச்சா ஆறாவதுக்கு பின்னால இடம் தீந்து போய், ஸ்ப்ரிங்க கழட்டிட்டு கூட சுருதி சேராம நிக்கும்.

பக்கவாட்டுக்கு அளவுகோல் வேண்டாம், நூல் போதும். நெக்க ஸ்க்ரூ போட்டு மாட்டிட்டு, நட்ல முதல் காடிலயும் ஆறாவது காடிலயும் நூலக் கட்டி ரெண்டு ஓர சேடில் வரைக்கும் இழுத்து பிடிங்க. ரெண்டு பக்கமும் ஃப்ரெட்போர்டு ஓரத்துல இருந்து ஒரே தூரத்துல நூல் ஓடணும். பாடில வரைஞ்ச நடுக்கோட்ட நம்பி தகட்ட வைக்காதீங்க, நெக் பாக்கெட்ல ஒரு இழை திரும்பி உக்காந்திருந்தா நடுக்கோடு பொய் சொல்லும், நூல் சொல்லாது. சரியா வந்ததும் தகட்ட மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டிட்டு இன்னொரு தடவை 648 பாருங்க.

8. ஸ்க்ரூ போடறதுக்கு முன்னாடி எர்த் வயர்

பிரிட்ஜுல இருந்து ஒரு வயர் வால்யூம் பாட்டோட (வால்யூம் திருகற கன்ட்ரோல்) முதுகுக்கு போகணும், இல்லன்னா ஸ்ட்ரிங்க தொட்டா கூட ஆம்ப்ல வர்ற உர்ருங்கற சத்தம் அடங்காது. இத மறந்துட்டு பாலிஷ் போட்டு முடிச்ச பிறகு ஞாபகம் வந்து தலைல கை வைக்கறவங்க நிறைய.

கன்ட்ரோல் குழில இருந்து பிரிட்ஜ் அடி வரைக்கும் நீளமான பிட் இல்லன்னா, பிரிட்ஜ் பிக்கப் குழில இருந்து சாய்வா 3 மில்லி பிட்ல தகட்டுக்கு கீழ வர்ற மாதிரி போடுங்க, தூரம் கம்மி, சாதாரண பிட்டே போதும். ஓட்டை ஸ்க்ரூ வர்ற இடத்துல போய் சேரக்கூடாது, அத குறிச்சுக்கிட்டு போடுங்க. வயர் நுனிய ரெண்டு சென்டிமீட்டர் சீவி, இழைய விரிச்சு தகட்டுக்கு கீழ படுக்க வைங்க. கருப்பு பெயிண்ட் அடிச்ச பிரிட்ஜா இருந்தா தகட்டோட அடில கொஞ்சம் சுரண்டி உலோகம் தெரிய விடுங்க, பெயிண்ட் மேல வயர் தொட்டா கரண்ட் போகாது.

ஒரு எச்சரிக்கை, இத லேசா எடுத்துக்காதீங்க. இந்த வயர் வழியா உங்க விரல் ஆம்ப்போட பாடியோட சேருது. நம்ம பழைய வீடுகள்ல பழைய வயரிங் இன்னும் நிறைய இருக்கு, மூணு பின் பிளக் இருந்தும் பின்னாடி எர்த் இருக்காது. ஆம்ப்ல கசிவு இருந்தா ஸ்ட்ரிங்க தொட்டதும் ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியன கூப்பிட்டு எர்த் இருக்கான்னு பாத்த பிறகே சொருகுங்க.

9. ஸ்க்ரூ ஓட்டை

பிட் அளவ கண்டுபிடிக்க ஸ்க்ரூக்கு முன்னாடி பிட்ட பிடிச்சு பாருங்க, நடுத்தண்டு மறையணும், மரை மட்டும் ரெண்டு பக்கமும் தெரியணும். தேக்குக்கு 3 மில்லி ஸ்க்ரூன்னா 2ல இருந்து 2.5 மில்லி பிட். சின்னதா போட்டா ஸ்க்ரூ தலை ஒடியும், மெல்லிசான பிரிட்ஜ் ஸ்க்ரூ கெட்டி மரத்துல ஒடிஞ்சா எடுக்கறது பெரும்பாடு. பெருசா போட்டா பிடிப்பு இருக்காது, 0.010ல இருந்து 0.046 இன்ச் தடிமன் வரைக்கும் உள்ள 10-46 செட் ஸ்ட்ரிங் 25.5 இன்ச்ல மொத்தமா 46 கிலோ போல இழுக்கும், அத தாங்கறது இந்த நாலஞ்சு ஸ்க்ரூ தான்.

சென்டர் பஞ்ச்ல ஓட்டையோட சரியான நடுவுல குத்திட்டு தான் டிரில் வைக்கணும், இல்லன்னா பிட் தேக்கு ரேகைல வழுக்கி ஓடும். லேத் பட்டறைல ஒரு கெட்டி மரத்துண்டுல நேரா ஒரு ஓட்டை போட்டு வாங்கி வச்சுக்கோங்க, அத பாடி மேல வச்சு அது வழியா டிரில் பண்ணினா கை சாஞ்சாலும் பிட் சாயாது. ஆழத்துக்கு பிட்ல டேப் சுத்துங்க. ஸ்க்ரூ மரைல மெழுகுவத்திய தேய்ச்சு கையால திருகுங்க, டிரில்ல மாட்டி ஓட்டாதீங்க.

முதல்ல எதிரெதிர் மூலைல ரெண்டு ஸ்க்ரூ மட்டும். மறுபடி நூலக் கட்டி பாருங்க. சரின்னா மீதிய போடுங்க.

10. பாலிஷுக்கு முன்னாடி ஸ்ட்ரிங் மாட்டுங்க

வெறும் மரமா இருக்கும்போதே ஆறு ஸ்ட்ரிங்கும் மாட்டி ஃபுல்லா டியூன் பண்ணுங்க. 12வது ஃப்ரெட்ல உயரம் பாருங்க. எல்லா சேடிலும் அடியோட உக்காந்தும் ஸ்ட்ரிங் உயரமா இருந்தா, நெக் பாக்கெட்ல உள்பக்க ஓரத்துல, அதாவது பிரிட்ஜ் பக்கம், மெல்லிசான வெனீர் வச்சா நெக் பின்னால சாஞ்சு ஸ்ட்ரிங் இறங்கும். சேடில் உச்சி வரைக்கும் ஏத்தியும் ஃப்ரெட்ல இடிச்சா வெனீர வெளிப்பக்க ஓரத்துல வைங்க.

அப்புறம் சுருதி. போன்ல டியூனர் ஆப் போதும். 12வது ஃப்ரெட்ல லேசா தொட்டு வர்ற ஹார்மோனிக்கும் அதே இடத்துல அழுத்தி வர்ற ஸ்வரமும் ஒன்னா இருக்கணும். அழுத்தினது ஏறி இருந்தா சேடில பின்னால, இறங்கி இருந்தா முன்னால. ஒவ்வொரு தடவை நகர்த்தறதுக்கு முன்னாடி ஸ்ட்ரிங்க தளர்த்துங்க, இறுக்கமா வச்சுக்கிட்டு திருகினா ஸ்க்ரூ மரை தேஞ்சு போகும்.

ரெண்டு நாள் அப்படியே டியூன்ல விட்டு, தகட்டோட பின் ஓரம் மரத்த விட்டு எழும்பியிருக்கான்னு ஒரு தாள செருகிப் பாருங்க. தாள் உள்ள போகலன்னா எல்லாத்தையும் கழட்டி, ஸ்க்ரூ ஓட்டை ஒவ்வொன்னுலயும் பல்குத்தும் குச்சிய செருகிட்டு பாலிஷ் அடிங்க, ஓட்டைக்குள்ள பாலிஷ் இறங்கி அடைக்காது. காஞ்ச பிறகு குச்சிய உருவிட்டு, ஸ்க்ரூவ முதல்ல பின்பக்கமா ஒரு சுத்து சுத்துங்க, பழைய மரைல டக்குன்னு விழறது கைக்கு தெரியும், அதுக்கப்புறம் இறுக்குங்க.